கூரைக்கு முன்னால் வந்த பீரோ

"நீ ஒரு வீடு வரஞ்சு குடுத்தா என் கடையில ஒரு வரிசை சாமான் தூசி புடிச்சுக் கெடக்கு. டைல்ஸ் வேண்டாங்குறே, பெயிண்ட் வேண்டாங்குறே, ஏசி வேண்டாங்குறே. கடைய நடத்தவா உன்னைக் கட்டிக்கிட்டு வந்தேன், இழுத்து மூடவா?"

சொன்னவர் என் வீட்டுக்காரர். திருவொற்றியூரில் குழாய், பெயிண்ட், தாழ்ப்பாள் விற்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அவர் அப்பா தொடங்கிய கடை. நான் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. தவிர, அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

குட்டி வீடு வரைந்து கொடுக்கிற தொழிலில் பாதி வேலை, எதை வாங்க வேண்டாம் என்று சொல்வதுதான். (முதலில் 'சின்ன வீடு' என்றுதான் சொன்னேன். ஊர் சிரித்தது. அதிலிருந்து குட்டி வீடு.) அதை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டியிருப்பது என் தலையெழுத்து. கீழே அவர் விற்பார், மேலே நான் வேண்டாம் என்பேன்.

இதற்கு என்ன படித்தாய் என்று கேட்காதீர்கள். கான்வென்ட் ஹாஸ்டலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் ஒரு வருஷத்தையே மடித்து வைக்கப் பழகியவள் நான். கல்யாணமாகி வந்தால் கடை மாடியில் இரண்டே அறை. அதில் நாலு பேர் முட்டிக்கொள்ளாமல் வாழ ஒரு வழி செய்தேன். தண்ணீர் குடிக்க மாடிக்கு வந்த வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று ஆரம்பித்தார்கள். கம்பிக் கணக்குக்கும் கையெழுத்துக்கும் படித்த இன்ஜினீயர் தம்பி ஒருவர் இருக்கிறார். சண்டைக்கு நான்.

காலை நீட்டினால் ஃபிரிட்ஜ், கையை நீட்டினால் பக்கத்து வீட்டு ஜன்னல் என்று வாழ்கிற உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வீட்டின் கதையை மட்டும் சொல்கிறேன். மற்ற வீடுகளெல்லாம் அதன் ஜெராக்ஸ்தான்.

குழாய் வாங்க வந்தவர்

கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் சுதா, ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஓட்டைக் குழாய்க்கு மாற்றுக் குழாய் கேட்டு வந்த கன்னியம்மா, மாடியில் என் வீட்டைப் பார்த்ததும் குழாயை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனுக்கு பத்தடி அகலம், இருபத்திரண்டு அடி நீளம் எடம் கீது. ஓட்டு வூடு, ஒழுவுது. இதுல என் பொண்ணுக்கும் மாப்ளைக்கும் கதவு போட்ட ரூமு ஒண்ணு வேணும். ஐப்பசில கண்ணாலம்."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை பிரபுவுக்கு இங்கேயே கன்டெய்னர் யார்டில் வேலை. சுதாவுக்கும் வேலை இங்கே. ஆனால் அவன் அம்மா வசந்தா இருப்பது புழலில், மூத்த மகன் குடும்பத்தோடு. 'வீட்டோட மாப்பிள்ளை' என்கிற பேச்சே அவருக்கு ஆகாது. கடைசியில் ஒரு வருஷத்துக்குச் சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு. பிள்ளைக்குத் தனி அறை வேண்டும். வருஷம் முடிந்ததும் மருமகள் சீரோடு புழலுக்கு வர வேண்டும். கட்டிலும் பீரோவும் தெருவே பார்க்க இறங்க வேண்டும்.

கன்னியம்மாவுக்கு அந்த ஒரு வருஷம் போதாது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் அளவு குறித்துக்கொண்டபோது, எந்த வாடிக்கையாளரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "ரூமு மேல இருக்கட்டும்மா. ஆனா அவ நடந்தா கொலுசு சத்தம் கீழ எனுக்கு கேக்கணும்."

சட்டை போடாத வீடு

பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது ஒரு செங்கல்லைக்கூட வெளியே அனுப்பவிடவில்லை. நல்ல செங்கல் சுவருக்கு, உடைந்தது அடித்தளத்துக்கு. ஓடுகளை அடுக்கி வைத்து, மேல் கூரை போடும்போது கான்கிரீட்டுக்கு நடுவே பதித்துவிட்டோம். கான்கிரீட்டும் மிச்சம், உச்சி வெயிலில் உள்ளே வேகாது. சுவருக்கு வெளிப்பூச்சு வேண்டாம் என்றேன். நல்ல செங்கல்லை அழகாக அடுக்கினால் அதன்மேல் சிமென்ட்டை அப்பிப் பெயிண்ட் அடிப்பது எதற்கு?

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது பரவாயில்லை, அமைதியாக இருந்தது. மேஸ்திரி ஏழுமலைதான் பாவம். சந்தில் போகிற ஒவ்வொருவரும் நின்று சுவரைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள். "எப்போ பூசுவீங்க?" என்பார்கள். "பூசறது இல்ல" என்றால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நகர்வார்கள். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "யம்மா, வூட்டுக்கு சட்டை போடாம வுட்டது நீங்க. மானம் போறது எனுக்கு."

காற்றுக்கு விட்ட துளைகள்

கடல் பக்கமிருந்து காற்று வருகிற இடத்தில் வீடு இருக்க, உள்ளே மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அடிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அதனால் மாடிப்படி ஓரச் சுவரில் செங்கற்களுக்கு நடுவே துளை விட்டுக் கட்டச் சொன்னேன். காற்று படி வழியாக மேலேறி, மேல் அறை ஜன்னல் வழியாக வெளியேறும். கீழ்த்தளம் முடிந்ததும் கன்னியம்மா குடிவந்துவிட்டார், மேலே வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் பாயைப் போட்டுப் படுத்து, "சோக்கா கீதும்மா, ஏசி மாரியே கீது" என்றார். நான் பெருமையோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் போன். அந்தப் படிக்குக் கீழேதான் தண்ணீர்க் குடங்களுக்கும் கருவாட்டுக் கூடைக்கும் இடம் ஒதுக்கியிருந்தேன். காசிமேட்டுப் பூனைகளை உங்களுக்குத் தெரியாது. நன்றாகத் தின்று வளர்ந்தவை, யாரையும் மதிக்காதவை. ஒரு துளைக்கு ஒன்று என்று தலையை நீட்டிக்கொண்டிருந்தன. துளைகளுக்கெல்லாம் கம்பி வலை அடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த வீட்டுக்கு எங்கள் கடையிலிருந்து போன முதல் பெரிய சரக்கு அந்த வலைதான். என் வீட்டுக்காரர் அதைத் தானே சுமந்துகொண்டு வந்து, தானே அளந்து கொடுத்து, நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா சிரிக்கவில்லை. "காத்து கேட்டேன், குட்த்த. பூனைய நான் கேட்டனா?"

ஆடித் தள்ளுபடி

இப்போது பீரோவுக்கு வருகிறேன். ஐப்பசியில் கல்யாணம், ஆடியில் தள்ளுபடி. கன்னியம்மா என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு மேல் கூரையே வராத நிலையில் சீர் பீரோவை வாங்கிவிட்டார். ஆளுயரக் கண்ணாடி பதித்த, மூன்றடி அகலத்து இரும்பு பீரோ. "கண்ணாலம் வரைக்கும் கடையிலயே இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டியதுதானே? தள்ளுபடிச் சரக்கைக் கடைக்காரன் எடுத்து வைப்பானா? மறுநாளே குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். பீரோ சந்தில் நின்றது. சந்தும் நின்றது.

கீழே வைக்க இடமில்லை. படியிலும் ஏறாது, பத்தடி அகல வீட்டில் படிக்கு நான் கொடுத்திருந்தது ஓர் ஆள் ஏறுகிற அகலம், நடுவில் ஒரு திருப்பம். மேல் அறைக்குச் சுவர் மட்டும் எழும்பியிருந்தது, மேலே ஆகாயம். துறைமுகத்திலிருந்து கன்னியம்மாவுக்குத் தெரிந்த போட்டுக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். வலை இழுக்கிற கயிற்றைக் கட்டி, சுவருக்கு மேலாகத் தூக்கி, உள்ளே இறக்கினார்கள். முழுத் தெருவும் கைதட்டியது. அப்புறம் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி, அதன் தலைக்கு மேலேயே பலகை அடித்துக் கான்கிரீட் போட்டோம். கூரைக்கு முன்னால் பீரோ குடிவந்த வீடு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆனால் நான் வீடு வரைகிறவள். உள்ளே வந்தது ஒரு நாள் வெளியே போக வேண்டும். சந்துப் பக்க ஜன்னலைப் பீரோ படுத்தவாக்கில் நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். அதன் கம்பிக் கிராதியை நிரந்தரமாகப் பதிக்காமல், நாலு போல்ட்டைக் கழற்றினால் கதவு மாதிரித் திறக்கிறபடி வைக்கச் சொன்னேன். வரைபடத்தில் சிவப்பு மையில் எழுதினேன். ஏழுமலைக்கு வாயாலும் சொன்னேன். ஒரு வருஷம் கழித்துப் புழலுக்குப் போகும்போது கஷ்டப்பட வேண்டாமே என்று கன்னியம்மாவுக்கும் விளக்கினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். "வந்த சாமான் இன்னாத்துக்கும்மா போவணும்?"

மாப்பிள்ளையின் மரியாதை

கல்யாணம் நடந்தது. பிரபு நல்ல பிள்ளை, ஆனால் தேவைக்கு மேல் உயரம். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் வரைந்ததோ கன்னியம்மாவையும் சுதாவையும் மனதில் வைத்து. அம்மாவும் பெண்ணும் என் தோளுக்குத்தான் வருவார்கள். படித் திருப்பத்துக்கு மேலே ஒரு பரண் போட்டிருந்தேன், மழைக்காலத்து விறகும் பாத்திரமும் வைக்க. பிரபு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அங்கே குனிய வேண்டும். குனிந்து இறங்குகிற இடத்துக்கு நேராக மாமியார் மீன் ஆய்ந்துகொண்டிருப்பார்.

கதவு திறந்திருப்பதால் தெரு முழுக்க இதைப் பார்த்தது. காசிமேட்டில் மாமியாரைக் காலையும் மாலையும் கும்பிடுகிற மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டான். அதை நினைத்து அவன் அம்மா புழலில் கொதித்ததாகக் கேள்வி. குனிய மறந்து பரணில் இடித்துக்கொண்ட நெற்றியில் வீக்கம் வற்றியிருக்கிறதா என்று பார்க்க நான் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னான். "ஆன்ட்டி, இந்த வூட்ல நான் நிமிந்து நிக்கற ஒரே எடம் அந்த பீரோ கண்ணாடி முன்னாடிதான்."

மழைக்கு வந்தவர்கள்

அடுத்த மாதமே பெருமழை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் எங்கிருந்தோ மிதந்து வந்த எண்ணெய்ப் படலம், பாதிச் செருப்புகள். அடித்தளத்தை உயர்த்தச் சொல்லி நான் கத்தியபோது "இன்னாத்துக்கு இவ்ளோ படி, முட்டி வலிக்குது" என்று கன்னியம்மா திட்டியது ஞாபகம் இருந்தது. மழை விட்டதும் ஓடினேன். அந்தத் தெருவில் தண்ணீர் ஏறாத வீடு அது. உள்ளே நாலு வீட்டுப் பெண்கள், குழந்தைகள், ஓர் ஆடு. படிக்குப் படி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுதா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் நடந்தபோது கொலுசுச் சத்தம் கீழே கேட்டது. கன்னியம்மா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தலையைத் தூக்கினார். தற்பெருமை என்றாலும் சொல்கிறேன், அன்றைக்கு என் மனசு நிறைந்துபோனது.

மேலே போய், காயப்போட்டிருந்த ஈரத் துணிகளுக்கு நடுவே கையை விட்டு என் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தேன். பேய்க் காற்று அடித்தும் ஒரு சொட்டுச் சாரல் உள்ளே இல்லை. கிராதி கொஞ்சம்கூட ஆடவில்லை. திறந்து மூடுகிற கிராதி என்றால் கடகடவென்று ஆடும் என்று என் வீட்டுக்காரர் பயமுறுத்தியிருந்தார். "பார்த்தீங்களா, என் ஜன்னலை!" என்று கன்னியம்மாவிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். அவர் டீயை ஊதிக் குடித்தார். "அது எந்தக் காத்துக்கும் ஆடாதும்மா. நான் கேரண்டி."

புழலிலிருந்து வந்த வண்டி

வருஷம் ஓடிவிட்டது. மறுபடி ஐப்பசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா போன் செய்தார். "சம்பந்தி வந்துகீறாங்க, வண்டியோட. நீயும் சாரும் வாங்க. காரப்பொடி கொயம்பு வெச்சிக்கீறேன்." காரப்பொடி மீன் குழம்பு என்றால் என் வீட்டுக்காரர் கடையை மூடுவார். ஞாயிறு என்பதால் அந்தக் கஷ்டமும் இல்லை.

சந்து முனையில் குட்டி யானை நின்றது. உள்ளே வசந்தா, பட்டுப்புடவையில். பிரபு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுதா பரிமாறிக்கொண்டிருந்தாள். கட்டில் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பீரோ மட்டும்தான் பாக்கி.

"நீங்கதான வூடு வரஞ்சது? இத்த எடுக்க இன்னா வழி?" என்று வசந்தா என்னிடம் கேட்டார். என் தொழிலுக்கு இதைவிட ஒரு மரியாதை உண்டா? விறுவிறுவென்று மேலே போனேன், போல்ட்டைக் காட்ட. போல்ட் இல்லை. கிராதியைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங், அதன்மேல் சிமென்ட், அதன்மேல் பெயிண்ட். வீட்டிலேயே பெயிண்ட் அடித்த ஒரே இடம் அது. ஏழுமலைக்குப் போன் போட்டேன். "யம்மா, கண்ணாலம் முடிஞ்ச வாரமே கன்னியம்மாக்கா பண்ணச் சொல்ட்டாங்க. உங்களாண்ட கேட்டாச்சுன்னாங்களே?" என்றார். கீழே இறங்கி கன்னியம்மாவைப் பார்த்தேன். அவர் எனக்கு இலை போட்டார்.

"வழி படத்துல இருக்குங்க. ஜன்னல்லதான் இல்ல" என்று வசந்தாவிடம் சொன்னேன்.

"அப்ப ஜன்னல ஒடைங்க."

"ஒடை சம்பந்தி" என்றார் கன்னியம்மா, குழம்பைக் கலக்கிக்கொண்டே. "ஐப்பசி மயை வருது. ஒடச்சி எடுக்கற வரிக்கும் உன் புள்ள தலைலதான் கொட்டும்."

வசந்தா யோசித்தார். பீரோவை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போகலாம். ஆனால் சீர் இல்லாமல் மருமகள் இறங்கினால் புழல் தெரு என்ன பேசும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததே அவர்தானே. சுதா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல், பணிவாக, மாமியாருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். "அத்தை, பீரோ வந்த அன்னிக்கே நாங்களும் வந்துடறோம். நீங்க சொன்ன மாரியே."

பிரபு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். குனிவதில் அவனுக்கு இப்போது நல்ல பழக்கம்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று. வெல்டிங்கை வெண்ணெய் மாதிரி வெட்டுகிற மெஷின் எங்கள் கடையில் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. ஒரு வருஷமாக விற்காமல் தூசி பிடித்துக் கிடக்கிறது. "கடையில ஒரு..." என்றவர் என் முகத்தைப் பார்த்தார். கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தார். சாதத்தைப் பிசைந்தார். "கடையில ஒரு வேலையும் இல்ல இன்னிக்கு, ஞாயித்துக்கெழம" என்று முடித்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து, வந்த வியாபாரத்தை அவர் கைநழுவ விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இதற்கும் சேர்த்துத் திட்டுவார், திட்டட்டும்.

வசந்தா கையைக் கழுவிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே ஒரு கை பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனார். பின்னாலேயே சுதா. கொலுசுச் சத்தம் கூரையில் நடந்தது. கன்னியம்மா கொஞ்சம் தலையைத் தூக்கினார். ஒரு குட்டி வீட்டுக்குள் எதையெல்லாம் கொண்டுவரலாம் என்பதைத்தான் நான் வரைந்து தருகிறேன். எது வெளியே போகக் கூடாது என்பதைக் குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

மேலே இரும்பு உராய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வசந்தாவின் குரல்.

"யாராச்சும் வந்து ஒரு பக்கம் புடிங்கப்பா!"

காரப்பொடியில் முள் அதிகம். தலை நிமிராமல்தான் சாப்பிட வேண்டும்.